இரண்டு ஊர்களும் ஒரு சனி ஞாயிறும்

பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாளுக்கு,

இங்கே நலம். அங்கே நலமறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். இல்லாத ஆவலை எழுத மனம் வரவில்லை, மன்னிக்கவும். போனில் பேசினால் ஆகாதா என்று நினைப்பீர்கள். ஜனவரியில் போனில்தான் பேசினோம். பேசி முடித்தபின் நான் சொன்னதாக நீங்கள் ஊரெல்லாம் சொன்னதில் பாதியை நான் சொல்லவே இல்லை. காகிதத்தில் இருந்தால் அந்தத் தொல்லை இராது.

விஷயம் இதுதான். உங்கள் மகள் உங்கள் வீட்டுக்கு வந்து நாலு மாதமாகிறது. என் மகன் லிஃப்ட் பழுது பார்க்கப் போகிறான், வருகிறான், தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறான். போன வாரம் இருவரும் தாங்களாகவே பேசி, மார்ச் 15, 16 சனி ஞாயிறு எங்காவது ஒரு சின்ன ஊருக்குப் போய்ச் சேர்ந்து இருந்து பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதை விட்டால் அவன் ஷிப்ட்டும் அவள் லீவும் ஒத்துவர ஆறு வாரமாகும். 17 திங்கட்கிழமை அவள் அந்தத் தூரத்து வேலைக்குப் போகிறாளா இல்லையா என்று ஆபீசில் பதில் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்து வேலை. போய்விட்டால் இந்தக் குடும்பம் அதோடு சரி என்று நான் நினைக்கிறேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

ஊரை மட்டும் அவர்களால் தீர்மானிக்க முடியவில்லை. அவன் ஓர் ஊரைச் சொன்னால் அதில் ஏதோ உள்நோக்கம் இருப்பதாக அவளுக்குப் படுகிறதாம், அவள் சொன்னால் அவனுக்கு. அதனால் அந்த வேலையை நம் தலையில் கட்டிவிட்டார்கள். மார்ச் பத்தாம் தேதிக்குள் நாம் இருவரும் சேர்ந்து ஓர் ஊரைச் சொன்னால், மறுபேச்சில்லாமல் போவார்கள்.

நான் நாடக ஊரைச் சொல்கிறேன். ஆற்றங்கரையில் ஒரே நீளத் தெரு, கோடியில் ஒரு பழைய அரங்கம், சனி ஞாயிறு இரண்டு வேளையும் நாடகம். சண்டை போட்டவர்களை எதிரெதிரே உட்காரவைத்தால் மறுபடி சண்டைதான் வரும். ஒரே பக்கம் பார்த்தபடி உட்காரவைக்க வேண்டும். முப்பத்து நாலு வருஷம் திரைக்குப் பின்னால் நின்று நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவன் சொல்கிறேன், இருட்டில் சேர்ந்து சிரித்தவர்கள் வெளியே வரும்போது கொஞ்சமாவது மாறித்தான் வருகிறார்கள்.

சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையைப் பெற்றவன்


பிப்ரவரி 25

சம்பந்தி அவர்களுக்கு,

ஒரு வரி போதும் என்றீர்கள். முடியாது. அதுதான் அந்த ஒரு வரி. இனி வருவதெல்லாம் விளக்கம்.

அவர்கள் போகவேண்டியது மண்பாண்ட ஊருக்கு. தெருவுக்கு நாலு சூளை. வருகிறவர்களைச் சக்கரத்தின் முன்னால் உட்காரவைத்துப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். இரண்டு கையும் களிமண்ணில் இருந்தால் போனை எடுக்க முடியாது, விரலை நீட்டிப் பேசவும் முடியாது. குழந்தைகள் வார்டில் முப்பது வருஷம் தலைமை நர்ஸாக இருந்திருக்கிறேன். முரண்டு பிடிக்கிற பிள்ளைக்குப் புத்திமதி சொன்னால் இன்னும் அலறும். கையில் ஒரு வேலை கொடுத்தால் அடங்கும்.

நாடகம் உங்களுக்குப் பிடிக்கும். இந்தப் பயணம் உங்களுக்கு அல்ல. கல்யாண வரவேற்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். 'என் மகளை நான் தனியாக வளர்த்தேன், அவளுக்கு...' என்று ஒரு மூச்சு விட்டேன். அதற்குள் முதல் வரிசையிலிருந்து 'ஒரு குறையும் வைத்ததில்லை' என்று நீங்கள் எடுத்துக்கொடுத்தீர்கள். கூட்டம் கை தட்டியது. நான் சொல்ல வந்தது அது இல்லை. என்ன சொல்ல வந்தேன் என்பது அந்தக் கைதட்டலில் எனக்கே மறந்துவிட்டது.

உங்கள் மகனும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறார். என் மகள் எதைக் கேட்டாலும் பாதி சொல்லிவிட்டு நிற்கிறார். மீதியை நீங்கள் வந்து சொல்வீர்கள் என்று காத்திருக்கிறாரோ என்னவோ.

பெண்ணைப் பெற்றவள்


மார்ச் 2

சம்பந்தி அம்மாளுக்கு,

என் மகனின் பேச்சைப் பற்றி எழுதினீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி நான் எழுதுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து வாராவாரம் காலை பதினோரு மணிக்கு அவர்கள் வீட்டில் ஆஜராவீர்கள். மேசையில் விரல் வைத்துத் தூசு பார்ப்பீர்கள். அவர்கள் விரித்த படுக்கை விரிப்பை உருவி, மூலையை ஆஸ்பத்திரி மடிப்பில் மடித்து மறுபடி விரிப்பீர்கள். தலைவலி மாத்திரைக்குத் தேதி பார்ப்பீர்கள். என் மகன் ஒருநாள் என்னிடம் சொன்னான், "அப்பா, ஞாயித்துக்கிழமை வந்தா நான் அட்மிட் ஆன மாதிரியே இருக்கு." அதை எடுத்துக்கொடுத்தது நான் இல்லை. அவனே முழுதாகச் சொன்னான்.

மண்பாண்டம் என்கிறீர்கள். என் மகன் வாரம் முழுக்கக் கிரீஸில் கை வைக்கிறவன். நகக்கண்ணில் ஏறியது ஞாயிறு வரை போவதில்லை. அவனுக்குக் கை அழுக்காவது விடுமுறை இல்லை, இன்னொரு ஷிப்ட். வேலை தெரியாத இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பானை செய்தால், யாருடைய பானை அதிகக் கோணல் என்பதில் ஆரம்பித்து மாலைக்குள் என் வம்சம் வரை வந்து நிற்கும்.

நாடக ஊர். நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

இப்படிக்கு,
மாப்பிள்ளையைப் பெற்றவன்


மார்ச் 7

ஐயா,

உங்கள் மகனுக்குக் கிரீஸ் என்றால் என் மகளுக்கு இருட்டு. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை திரை போட்ட அறையில் நுண்ணோக்கிக்குள் குனிந்திருக்கிறாள். அவளை விடுமுறைக்கும் ஓர் இருட்டறையில் கொண்டுபோய் அடைக்கச் சொல்கிறீர்கள். அதுவும் வாயை மூடிக்கொண்டு. அவள் நாலு மாதமாக வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

நான் விரிப்பை மடித்தேன். ஒத்துக்கொள்கிறேன். மடிக்காமல் விட்டிருந்தால் இவர்கள் சேர்ந்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தோன்றினால், அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

மண்பாண்ட ஊரை நீங்கள் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காமலே அதை இவ்வளவு வெறுக்கிறீர்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். இன்னும் மூன்று நாள் இருக்கிறது. விட்டுக்கொடுப்பதாக இருந்தால் மட்டும் போன் செய்யலாம்.

பெண்ணைப் பெற்றவள்


மார்ச் 10

அம்மணி,

இன்றுதான் கடைசி நாள். ஒருவேளை நீங்களே இறங்கி வருவீர்களோ என்று மாலை வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. ஊர் முடிவாகவில்லை என்று என் மகனிடம் சொல்லிவிட்டேன். யாரால் முடிவாகவில்லை என்பதையும் சொன்னேன். "சரிப்பா" என்றான்.

நீங்களும் நாடக ஊரைப் பார்த்ததில்லை என்பதை நினைவூட்டுகிறேன். பார்க்காமல் பேசுகிறவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

மாப்பிள்ளையைப் பெற்றவன்


மார்ச் 17, காலை

ஐயா,

உங்கள் நாடக ஊரைப் பார்த்துவிட்டு நேற்று மாலைதான் வீடு திரும்பினேன். இனி நான் பார்க்காமல் பேசுகிறேன் என்று சொல்ல முடியாது. கண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

அரங்கத்து மாடிப்படியில் கைப்பிடி இல்லை. பெண்கள் கழிவறையில் ஒரு குழாய் மூடவில்லை, ஒரு குழாய் திறக்கவில்லை. விடுதியில் தலையணை உறை ஈரம். ஆற்றங்கரை என்று பெரிதாக எழுதினீர்கள். ஆறு தெருவுக்குப் பின்னால் ஓடுகிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு சலவைக் கடைக்குள் புகுந்து பின்வாசலால் வெளியே போக வேண்டும். கடைக்காரர் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் கூச்சமாக இருக்கிறது. அரங்கில் நாற்காலிகள் அவ்வளவு நெருக்கம், மடியில் பையை வைத்தால் முன்னால் இருப்பவர் முதுகில் இடிக்கிறது.

நாடகம் நன்றாக இருந்தது. அதை மறைக்கவில்லை. இரண்டு நாளில் மூன்று பார்த்தோம். என் மகள் சிரித்தாள்.

அவளையும் அழைத்துப் போயிருந்தேன். எப்படியும் இந்தச் சனி ஞாயிறுக்கு லீவு எடுத்து வைத்திருந்தாள். பயணம்தான் இல்லை என்றாகிவிட்டது, லீவு வீணாகிறதே என்று கூட்டிப்போனேன். அங்கே வந்து பார்த்தால் உங்கள் ஊரின் லட்சணம் அவளுக்கே தெரியட்டும் என்றும் நினைத்தேன்.

இன்று அவள் பதில் சொல்லும் நாள். இப்போதுதான் கிளம்பிப் போனாள்.

பெண்ணைப் பெற்றவள்


மார்ச் 17

அம்மணி,

மண்பாண்ட ஊருக்குப் போய்வந்தேன். சனி ஞாயிறு இரண்டு நாள் முழுதாக அங்கே இருந்தேன். இனி தைரியமாக வெறுக்கலாம்.

பேருந்து நிற்கும் இடத்திலிருந்தே புகை. எங்களுக்குக் கற்றுக்கொடுத்த குயவர் அம்மாள் பேசுவதே இல்லை. 'இன்னும் கொஞ்சம்' என்று ஆரம்பிப்பார். 'தண்ணீர் விடணுமா?' என்று நான் கேட்டால் முறைப்பார். என் குவளை மூன்று முறை சரிந்தது. நாலாவது முறை சக்கரத்தை விட்டே பறந்து பக்கத்தில் இருந்தவர் செருப்பில் விழுந்தது. இடுப்பு இரண்டு நாளாக நிமிரவில்லை. சாப்பாட்டுக் கடை ஒன்றுதான், அதுவும் இரண்டு மணிக்கு மூடிவிடுகிறார்கள்.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். என் மகன் அங்கே நாலு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கிரீஸ் வேறு, இது வேறு என்றான். அவனை ஏன் அழைத்துப்போனேன் என்று கேட்பீர்கள். என் கண்ணுக்குத் தனியாகப் பயணம் செய்ய முடியாது. அதோடு அவன் இந்த இரண்டு நாளுக்கு ஏற்கனவே லீவு போட்டிருந்தான். உங்கள் பிடிவாதத்தால் அது வீணாகிறதே என்று கூட்டிக்கொண்டு போனேன்.

மாப்பிள்ளையைப் பெற்றவன்


மார்ச் 21

ஐயா,

உங்கள் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உங்களுடையதை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன்.

அவர்கள் இருவரும் சேர்ந்து இருப்பதற்கென்று லீவு எடுத்து வைத்த அதே சனி ஞாயிறு. உங்கள் மகன் நான் சொன்ன ஊரில். என் மகள் நீங்கள் சொன்ன ஊரில். இரண்டு ஊருக்கும் நடுவில் பேருந்தில் மூன்று மணி நேரம். நாம் இருவரும் ஆளுக்கொரு பிள்ளையைக் கையைப் பிடித்து எதிரெதிர்த் திசையில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறோம். வீணாகிறதே என்றுதான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நானும் அதையேதான் எழுதினேன்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவள் சரி என்று சொல்லிவிட்டாள். ஏப்ரல் 4 வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள். நீ ஏன் அவரிடம் பேசவில்லை என்று கேட்டேன். "ஊர் முடிவாகலைன்னதும் அவர் ஒரு வார்த்தை கேட்கலையேம்மா. வேண்டாம்னு நினைச்சிட்டாருன்னு நினைச்சேன்" என்றாள். உங்கள் மகனும் இதையேதான் நினைத்திருப்பார். கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் ஒரு போன் செய்திருக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை நேரம் இருந்தது. நானும் செய்திருக்கலாம். ஆனால் பத்தாம் தேதி கடிதம் உங்களுடையது. முதலில் விஷயத்தை முறித்தது நீங்கள். இதை நான் மன்னிப்பதாக இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஆனால் உங்களை முதலில்.

பெண்ணைப் பெற்றவள்


மார்ச் 26

அம்மணி,

நீங்கள் திட்டியதில் ஒரு வரிக்கும் பதில் எழுதப் போவதில்லை. மகனிடம் கேட்டேன். அவனும் அதையேதான் நினைத்திருக்கிறான்.

இன்னொன்றும் இருக்கிறது. என் கடிதத்தில் அதை எழுதவில்லை, வேண்டுமென்றே விட்டேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் ஒரு கிண்ணத்தின் விளிம்பை வளைத்துக்கொண்டிருந்தான். பக்கத்துச் சக்கரம் காலியாக இருந்தது. கையை எடுக்காமலே, "அப்பா, அவ இருந்திருந்தா..." என்றான். நின்றான். நான் உடனே, "சண்டைதான் வந்திருக்கும்" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு மறுபடி மண்ணைப் பார்த்தான். அதன்பிறகு அவளைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மேடையில் ஒருவன் வசனம் மறந்து நிற்பதும் ஒருவன் வேண்டுமென்றே நிறுத்துவதும் வேறு வேறு. திரைக்குப் பின்னால் நிற்கிறவன் நடிகனின் தோளைப் பார்த்தே அதைச் சொல்லிவிடுவான். மறந்தவனுக்குத் தோள் ஏறும். அன்றைக்கு என் மகனின் தோள் ஏறவில்லை. நான் பார்த்தேன். அவன் மறக்கவில்லை, சொல்லப்போகிறான் என்று தெரிந்தேதான் நான் முந்திக்கொண்டேன். அவன் என்ன சொல்வானோ என்று எனக்குப் பயமாக இருந்தது. உங்கள் மகள் திரும்பி வந்தால் அவன் மறுபடி இந்த வீட்டை விட்டுப் போய்விடுவான், நான் தனியாகச் சாப்பிட வேண்டும். இவ்வளவுதான் காரணம். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அவள் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் அவன் சொல்ல வந்தான். எனக்கு நிச்சயமாகத் தெரியும். இந்தக் கடிதத்தை உங்கள் மகளிடம் கொடுங்கள். என் மேல் இருக்கும் கோபத்துக்காகக் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் தகப்பன்


மார்ச் 31

சம்பந்தி அவர்களுக்கு,

கொடுத்தேன். வந்த அன்றே கொடுத்தேன். கொடுக்கமாட்டேன் என்று நினைத்தீர்கள் பாருங்கள், அதுதான் உங்களிடம் எனக்குப் பிடிக்காதது.

துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுக்கப் படித்தாள். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "இதையும் மாமாதான் சொல்லணுமாம்மா?" என்றாள். பிறகு சட்டைக் கையை விரித்து விட்ட இடத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள். அவள் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நானும் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. இரண்டாவது நாடகத்தில் ஒரு கிழவன் மழையில் குடையை மறந்துவிட்டு மூன்று முறை திரும்பி வருவான். அரங்கமே சிரித்தது. என் மகளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே திரும்பினாள். என் பக்கம் இல்லை. அந்தப் பக்கத்து நாற்காலி காலி. யாரும் இல்லாததைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கு எனக்குத் தெரிந்தது. இடைவேளையில் அவள் எழுந்துபோனதும் நான் என் கைப்பையை எடுத்து அந்த நாற்காலியில் வைத்தேன். அது காலியாக இருப்பதை அவள் இனி பார்க்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அவள் என் வீட்டில் இருந்த ஐந்து மாதமும் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கும் போகவேண்டியிருக்கவில்லை. உங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் இதை அவளிடமே சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வண்டி காலை பத்தே கால், மூன்றாவது நடைமேடை, ஆறாவது பெட்டி. இது உங்களுக்கு இல்லை. இந்தக் கடிதத்தை உங்கள் மகன் கையில் கொடுங்கள். கொடுக்கும்போது வாயைத் திறக்காதீர்கள். போகச் சொல்லாதீர்கள், போகவேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். போய் என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தீர்களோ, நான் அங்கேயே வந்து கேட்பேன்.

பெண்ணைப் பெற்றவள்


ஏப்ரல் 5

சம்பந்தி அம்மாளுக்கு,

நீங்கள் சொன்னபடியே கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன் என்பது வெறும் பேச்சுக்கு இல்லை, உண்மையிலேயே புண்ணாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குக் கிளம்பினான். மத்தியானம் வந்தான். சாப்பிட்டான். கேள்வி இரண்டு முறை எனக்கு வாய் வரை வந்தது, எழுந்து போய்க் கொடியில் துணி காயப்போட்டேன். காய்ந்த துணியையே மறுபடி காயப்போட்டிருக்கிறேன்.

உங்கள் மகள் போய்விட்டாள் என்பது வரைக்கும் தெரியும். நீங்கள் நடைமேடையில் இருந்திருப்பீர்கள். என்ன பேசினார்கள் என்று ஒரு வரி எழுதினால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

மாப்பிள்ளையின் தகப்பன்


மே 6

சம்பந்தி அவர்களுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். எழுதாமலே விடலாமா என்றும் யோசித்தேன்.

எனக்கும் தெரியாது. அவளை ஏற்றிவிட்டு, உங்கள் மகன் படியிறங்கி வருவதைத் தூரத்தில் பார்த்ததும் நான் வெளியே வந்துவிட்டேன். அவர் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. அதை நீவிவிடாமல் தாண்டிப்போக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நிலைய வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும் வரை நின்றேன். பிறகு வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் அவளே சொன்னாள், ஜூலையில் இருவருக்கும் ஒன்றாக மூன்று நாள் லீவு வருகிறதாம். அவர் அங்கிருந்தும் அவள் வேலை பார்க்கும் ஊரிலிருந்தும் கிளம்பி ஏதோ ஒரு சின்ன ஊரில் சந்திக்கப் போகிறார்கள். அது வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த ஊர் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதை மட்டும் உங்க ரெண்டு பேருக்கும் சொல்ல மாட்டோம்மா" என்றாள்.

ஆகையால் நாம் எழுதிக்கொள்ள இனி ஒன்றும் இல்லை. உங்கள் பழைய கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன், என்னுடையவற்றையும் நீங்கள் கிழித்துவிடலாம். வீட்டில் எங்காவது ஒரு டிக்கெட்டோ விடுதி ரசீதோ கண்ணில் பட்டு அது எந்த ஊர் என்று உங்களுக்குத் தெரியவந்தால், தயவுசெய்து எனக்கு எழுத வேண்டாம்.

பெண்ணைப் பெற்றவள்